தம்பியின் பாகங்கள் அண்ணனுக்கு: பழைய எம்எக்ஸ்-5 காரின் பிரேக்கும் சஸ்பென்ஷனும்

ஒரே பெயரில் பல ஆண்டுகள் தயாரிக்கப்படும் காரில் விளக்குகளும் உடலமைப்பும் அடிக்கடி மாறினாலும், சக்கரங்களை உடலோடு இணைக்கும் அடிப்பகுதியின் போல்ட் துளைகளும் பொருத்துமிடங்களும் எளிதில் மாறுவதில்லை. அவற்றை மாற்றினால் தொழிற்சாலையின் அச்சுகளையே புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும் என்பதால், உற்பத்தியாளர் கூடுமானவரை பழைய அடிச்சட்டத்தை வைத்துக்கொண்டு, அதில் மாட்டப்படும் பாகங்களை மட்டும் ஆண்டுக்காண்டு திருத்திக்கொண்டே போவார். இதனால் எதிர்பாராத ஒரு பயன் விளைகிறது: பத்தாண்டு கழித்து வந்த காரின் திருந்திய பாகத்தை, வெட்டாமலும் ஒட்டாமலும், முதலில் வந்த காரில் அப்படியே மாட்டிவிட முடிகிறது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை ஓட்டுவோர் உலகெங்கும் கையாளும் இந்த வழிக்கு, ஜப்பானின் ஹிரோஷிமாவில் தயாராகும் மாஸ்டா எம்எக்ஸ்-5 காரைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான இந்த இரண்டு இருக்கைக் கார், அமெரிக்காவில் மியாட்டா என்றும் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் விற்கப்பட்டது. என்ஏ என்ற குறியீட்டால் அறியப்படும் இதன் முதல் தலைமுறை 1997 வரை நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் வெளிவந்தது. 1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறைக்கு என்பி என்று பெயர். தொடக்கத்தில் 1.6 லிட்டர் எஞ்சினோடு, ஆயிரம் கிலோவுக்கும் குறைந்த எடையோடு வந்த காருக்கு 1993-இல் 1.8 லிட்டர் எஞ்சின் கிடைத்தது. என்பியின் கடைசி ஆண்டுகளில், 2004-லும் 2005-லும், மாஸ்டாஸ்பீடு என்ற டர்போ வகையும் வந்தது. எஞ்சினின் திறனும் காரின் எடையும் ஏறிய ஒவ்வொரு கட்டத்திலும் பொறியாளர்கள் பிரேக்கைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. அவர்கள் தங்கள் புதிய காரின் தேவைக்காகச் செய்த அந்தத் திருத்தங்களே பழைய காருக்கு வேண்டியவர்களுக்குச் சீதனமாக அமைந்தன.

டிஸ்க் பிரேக்கில் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புத் தட்டு டிஸ்க் எனப்படுகிறது. அதன் இரு பக்கமும் உராயும் கட்டைகள் பேடுகள். அவற்றைப் பிஸ்டனால் அழுத்திப் பிடிக்கும் கிடுக்கி காலிப்பர். அந்தக் காலிப்பரைச் சக்கர அச்சோடு இரண்டு போல்ட்டுகளால் இணைத்துத் தாங்குவது பிராக்கெட். எம்எக்ஸ்-5 வரிசையில் முதல் 1.6 லிட்டர் காரின் முன் டிஸ்க்கின் விட்டம் 235 மில்லிமீட்டர்; 1.8 லிட்டர் காரில் அது 255 ஆனது. 2001-க்குப் பிறகு என்பியின் ஸ்போர்ட் வகைகளில் 270 ஆனது. பின் டிஸ்க் அதே வரிசையில் 231, 251, 276 என வளர்ந்தது. டிஸ்க் பெரிதாகும்போது காலிப்பர் சக்கரத்தின் மையத்திலிருந்து சற்று விலகி அமர வேண்டும் என்பதால், இந்த மாற்றத்தில் டிஸ்க்கும் பேடும் போலவே பிராக்கெட்டும் தவறாமல் மாற்றப்பட வேண்டிய பாகமாகிறது. பழைய கார்கள் உடைக்கப்படும் இடங்களில் டிஸ்க்கை மட்டும் கழற்றிக்கொண்டு பிராக்கெட்டை விட்டுவருவோர் மீண்டும் ஒருமுறை அங்கே போக வேண்டியவர்களே.

பெரிய டிஸ்க் என்ன தருகிறது என்பதில் பரவலான ஒரு தவறான எண்ணம் உண்டு. டிஸ்க்கைப் பெரிதாக்கினால் கார் குறைந்த தூரத்தில் நிற்கும் என்று பலரும் நம்புகின்றனர். ஆனால் காரை இறுதியில் நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள பிடிமானமே. நல்ல நிலையிலுள்ள 235 மில்லிமீட்டர் பிரேக்கே அந்த டயரைச் சுழலவிடாமல் பூட்டிவிடப் போதுமான வலுவுடையது என்னும்போது, அதற்கு மேல் வலுவைக் கூட்டுவதால் முதல்முறை நிறுத்தும் தூரம் குறைவதில்லை. டிஸ்க்கின் விட்டம் 20 மில்லிமீட்டர் கூடினால் பேடு அழுத்தும் இடம் மையத்திலிருந்து 10 மில்லிமீட்டர் தள்ளிப் போகிறது. அதனால் அதே கால் அழுத்தத்துக்கு ஏறத்தாழ பத்து விழுக்காடு கூடுதல் திருப்புவிசை கிடைக்கிறது. மிதியை அழுத்தும் காலுக்கு இது சற்று எளிதாக இருக்கும். உண்மையான ஆதாயமோ வேறிடத்தில், வெப்பத்தைத் தாங்குவதில் இருக்கிறது.

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஆயிரம் கிலோ எடையுள்ள காரின் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 386 கிலோஜூல். வேகம் 140 ஆனால், ஆற்றல் வேகத்தின் இருமடிக்கேற்ப வளர்வதால், அது 756 கிலோஜூலாகி ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. காரை நிறுத்தும்போது இந்த ஆற்றலில் பெரும்பகுதி டிஸ்க்குகளில் வெப்பமாக மாறுகிறது. முன் டிஸ்க் ஒவ்வொன்றும் 4 கிலோ எடையென்றும், ஆற்றலில் எழுபது விழுக்காடு முன் பிரேக்குகளுக்குப் போகிறதென்றும் கொண்டால், 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்துவதில் மட்டும் அவற்றின் வெப்பநிலை 70 டிகிரி செல்சியசுக்கு மேல் உயரும். ஹக்கோனே போன்ற மலைப்பாதையில் இறங்கும்போதோ பந்தயத் தடத்திலோ, ஆறுவதற்கு இடைவெளியின்றி ஐந்தாறு முறை பிரேக் பிடித்தால், டிஸ்க் முந்நூறு, நானூறு டிகிரியைத் தொட்டுவிடும். குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டினால் சாதாரணப் பேடுகள் தம் உராய்வுத் தன்மையை இழக்கின்றன. மிதி கெட்டியாகவே இருந்தாலும் கார் நிற்பதில்லை. கூடுதல் இரும்பும் பரப்பும் உடைய டிஸ்க் அதே வெப்பத்தை வாங்கிக்கொண்டு குறைவாகச் சூடேறி விரைவில் ஆறுவதால், இந்த நிலை வருவதைத் தள்ளிப்போடுகிறது. ஆக, அன்றாடம் அலுவலகத்துக்குப் போய்வரும் ஒருவருக்குப் பெரிய டிஸ்க்கால் பெரும்பாலும் பயனில்லை. தொடர்ந்து வேகமாக ஓட்டுபவருக்கு அது இன்றியமையாதது.

வெப்பத்தால் வரும் இன்னொரு கேடு பிரேக் ஆயிலில் நிகழ்வது. வழக்கில் ஆயில் எனப்பட்டாலும், கிளைக்கால் சேர்மங்களால் ஆன இந்தத் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரியிலும், ஈரம் சேர்ந்த பிறகு 155 டிகிரி வரை தாழ்ந்தும் கொதிக்கலாம் என்பது அதற்கான தர அளவு. காலிப்பரின் வெப்பத்தால் திரவம் கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டானால், குமிழ் அமுங்குமே தவிர அழுத்தத்தைக் கடத்தாது என்பதால், மிதி தரைவரை தளர்ந்து போகும். பல ஆண்டுகளாக மாற்றப்படாத திரவத்தோடு 270 மில்லிமீட்டர் டிஸ்க்கை மாட்டிக்கொள்வதைவிட, பழைய டிஸ்க்கோடு நல்ல பேடும் புதிய திரவமும் போட்டுக்கொள்வது மேலானது. செலவும் அதில் மிகக் குறைவு. பெரும்பாலான மாற்றங்களில் இந்தச் சிறிய செலவு செய்யப்படாமலே பெரிய செலவு தொடங்கிவிடுகிறது என்பது கவனிக்கத்தக்கது.

முன்பக்கத்தை மட்டும் பெரிதாக்கி, பின்பக்கத்தை அப்படியே விட்டுவிடுவது மற்றொரு பரவலான பிழை. பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்னோக்கிச் சாய்வதால் முன் சக்கரங்களின் பிடிமானம் கூடி, பின் சக்கரங்களின் பிடிமானம் குறைகிறது. பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டால் காரின் பின்புறம் வழுக்கிச் சுழன்றுவிடும் என்பதால், பின்பக்கத்துக்குச் செல்லும் அழுத்தத்தைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் மட்டுப்படுத்தும் ஒரு வால்வைப் பொறியாளர்கள் வைத்திருப்பார்கள். இந்தப் பங்கீடு முழுதும் ஒரு குறிப்பிட்ட முன்-பின் டிஸ்க் இணைக்காகக் கணக்கிடப்பட்டது. 270 மில்லிமீட்டர் முன் டிஸ்க்கோடு 231 மில்லிமீட்டர் பின் டிஸ்க்கை வைத்துக்கொண்டால், முன் சக்கரங்கள் வேளைக்கு முன்பே பூட்டிக்கொள்ள, பின் சக்கரங்கள் தம் பங்கைச் செய்யாமலே உடன் உருண்டு வரும். நிறுத்தும் தூரம் குறைவதற்குப் பதில் கூடவும் செய்யலாம். பின்பக்கத்தை மட்டும் பெரிதாக்குவது இதைவிட ஆபத்தானது. மாஸ்டாவின் பொறியாளர்கள் ஒவ்வொரு முறையும் இரு முனைகளையும் சேர்த்தே வளர்த்திருப்பது இதனால்தான். மாற்றுபவர்களும் முன்-பின் தொகுப்பை ஒரே காரிலிருந்து முழுமையாக எடுத்துக்கொள்வதே முறை.

நிசானின் கார்களில் இந்தச் செய்தி இன்னொரு கோணத்திலிருந்து விளங்கும். 1980-களின் இறுதியில் வந்த எஸ்13 சில்வியாவில் ஒற்றைப் பிஸ்டன் காலிப்பர்களே இருந்தன. அதற்குப் பிறகு வந்த, அதைவிடக் கனமான 300இசட்எக்ஸ் காரின் நான்கு பிஸ்டன் அலுமினியக் காலிப்பர்களை அதில் மாட்டுவது உலகெங்கும் பழகிப்போன மாற்றம். பிஸ்டன்களின் மொத்தப் பரப்பு மாறினால், அவற்றைத் தள்ளுவதற்கு வேண்டிய திரவத்தின் அளவும் மாறும். மிதியின் மறுமுனையில் அந்தத் திரவத்தைத் தள்ளும் உருளை மாஸ்டர் சிலிண்டர் எனப்படுகிறது. காலிப்பருக்குக் கூடுதல் திரவம் தேவைப்படும்போது சிலிண்டர் பழையபடி சிறிதாகவே இருந்தால், மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போன பிறகே பிரேக் பிடிக்கும். சிலிண்டரை அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் மிதி கல்லைப் போல் இறுகி, கால் முழு வலுவோடு அழுத்த வேண்டியிருக்கும். எனவே காலிப்பரோடு மாஸ்டர் சிலிண்டரையும் பொருத்தம் பார்த்து மாற்றுவது வழக்கம். 1989-இல் வந்த ஆர்32 ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரின் வரலாற்றில், உற்பத்தியாளரே இந்த வேலையைச் செய்தார்: அதன் பிரேக் அந்தக் காரின் வேகத்துக்குப் போதவில்லை என்ற குறை இருந்துவந்த நிலையில், 1993-இல் வந்த வி-ஸ்பெக் வகையில் பிரெம்போ நிறுவனத்தின் பிரேக்குகளும், அவற்றுக்கு இடம் தரும் 17 அங்குலச் சக்கரங்களும் சேர்ந்தே வந்தன.

அந்தச் சக்கரங்களின் சேர்க்கை தற்செயலானதன்று. காலிப்பர் சக்கரத்தின் உட்புறத்தில் அமர்வதால், டிஸ்க் வளரும்போது சக்கரமும் வளர வேண்டும். எம்எக்ஸ்-5 காரில் 255 மில்லிமீட்டர் டிஸ்க், முதல் காரின் 14 அங்குலச் சக்கரத்துக்குள் அடங்கிவிடுகிறது. 270 மில்லிமீட்டர் டிஸ்க்குக்குக் குறைந்தது 15 அங்குலம் வேண்டும். சக்கரம் பெரிதானால் டயர் மாறும். டயர் மாறினால் பிடிமானம், எடை, ஸ்டீயரிங்கின் கனம், வேகமானியின் அளவு ஆகிய அனைத்தும் சிறிது சிறிதாக மாறும். சக்கரம், டயர், டிஸ்க், காலிப்பர் ஆகியவை ஸ்பிரிங்குகளால் தாங்கப்படாமல் சாலையின் மேடுபள்ளங்களை நேரடியாக வாங்குபவை என்பதால், இவற்றில் கூடும் ஒவ்வொரு கிலோவும் சக்கரம் சாலையைத் தொடர்ந்து தழுவிச் செல்வதைக் கடினமாக்குகிறது. குறைந்த எடையையே தன் சிறப்பாகக் கொண்ட ஒரு காரில் இது சிறிய இழப்பன்று. 1.6 லிட்டர் எஞ்சினோடு ஓடும் காருக்கு 255 மில்லிமீட்டர் டிஸ்க்கே பொருத்தமான எல்லை என்றும், எஞ்சினின் திறன் கூட்டப்பட்ட கார்களுக்கே 270 தேவை என்றும் கொள்வது நியாயமான முடிவாகத் தோன்றுகிறது.

சஸ்பென்ஷன் என்பது சக்கரங்களையும் காரின் உடலையும் இணைக்கும் அமைப்பு முழுவதையும் குறிக்கும். எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அழுந்திய ஸ்பிரிங் மீண்டும் மீண்டும் துள்ளாமல், அதன் அசைவை எண்ணெய்யின் தடையால் வெப்பமாக மாற்றி அடக்குவது ஷாக் அப்சார்பர். எம்எக்ஸ்-5 காரின் முதல் இரண்டு தலைமுறைகளிலும் நான்கு சக்கரங்களுக்கும் மேலும் கீழுமாக இரண்டிரண்டு முக்கோணக் கரங்களைக் கொண்ட டபுள் விஷ்போன் அமைப்பு இருக்கிறது. ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் ஒரே தொகுதியாக, கீழே கரத்தோடும் மேலே உடலோடும் மாட்டப்படுகின்றன. இந்தத் தொகுதியின் உச்சியில் இருக்கும் தொப்பி வடிவ மவுன்ட்தான், என்பியிலிருந்து என்ஏக்கு வரும் பாகங்களில், பார்வைக்கு மிக எளியதும் பயனில் மிகப் பெரியதும் ஆகும்.

ஷாக் அப்சார்பரின் தண்டு உள்ளே போய்வரக்கூடிய தூரத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையில் இரும்போடு இரும்பு மோதாமல் இருப்பதற்காக, தண்டின் மேல் பம்ப் ஸ்டாப் என்னும் ரப்பர் அல்லது நுரைமக் கட்டை கோக்கப்பட்டிருக்கும். என்ஏ காரில் சக்கரம் மேலே எழுவதற்கான இந்த இடைவெளி முதலிலேயே குறைவு. அழகுக்காகக் காரைத் தாழ்த்தும் குட்டை ஸ்பிரிங்குகளை மாட்டினாலோ, கார் ஏறக்குறைய எப்போதும் அந்தக் கட்டையின் மேலேயே உட்கார்ந்திருக்கும் நிலை வந்துவிடும். வளைவின் நடுவே ஒரு மேட்டில் ஏறும்போது கட்டை அழுந்தினால், ஸ்பிரிங்கின் விறைப்பு ஒரே கணத்தில் பன்மடங்கு கூடியதற்கு ஒப்பாகும். அந்தச் சக்கரத்தின் மேல் திடீரென ஏறும் சுமையை டயர் தாங்கமாட்டாமல் வழுக்கும். கார் காரணமின்றி நழுவுகிறது என்றும், ஸ்பிரிங் போதாது என்றும் உரிமையாளர்கள் முறையிடும் பல நேரங்களில் உண்மையான குற்றவாளி தேய்ந்து பொடியாகிப்போன இந்தச் சிறு கட்டையே. என்பி காரின் மவுன்ட், தண்டு பிணைக்கப்படும் இடத்தை மேலே உயர்த்தி, அதே உயரத்தில் நிற்கும் காருக்குக் கூடுதல் அசைவு தூரத்தைத் தருகிறது. ஆனால் என்பி மவுன்ட்டில் ஸ்பிரிங் அமரும் தட்டின் அமைப்பு வேறு என்பதால், பழைய ஸ்பிரிங்கோடு அதைக் கலப்பதைவிட, ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங், பம்ப் ஸ்டாப், மவுன்ட் ஆகியவற்றை ஒரே என்பி காரிலிருந்து முழுத் தொகுதியாகக் கழற்றி மாட்டுவதே சிக்கலற்றது. 2001-க்குப் பிந்தைய ஸ்போர்ட் வகைகளில் பில்ஸ்டைன் நிறுவனத்தின் ஷாக் அப்சார்பர்கள் வந்தன என்பதால் அவற்றுக்குத் தனித் தேவை உண்டு.

முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காரில் இவை எல்லாவற்றுக்கும் முன்பாகப் பார்க்க வேண்டியவை புஷ்கள். கரங்கள் உடலோடு சேரும் மூட்டுகளில் இரண்டு இரும்புக் குழாய்களுக்கிடையே ஒட்டப்பட்ட ரப்பர் வளையங்களாக அமைந்த இவை, காலப்போக்கில் இறுகி வெடித்துவிட்டால், மேலே எத்தகைய புதிய ஷாக் அப்சார்பரை மாட்டினாலும் சக்கரம் தன் கோணத்தில் நிற்காது. புஷ்களை மாற்றும்போது அனுபவமுள்ள மெக்கானிக்குகள் தவறாமல் செய்வதும், மற்றவர்கள் தவறாமல் மறப்பதுமான ஒரு வேலை உண்டு. கார் ஜாக்கியில் தூக்கப்பட்டுச் சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையில் கரங்களின் போல்ட்டுகளை முழுதும் முறுக்கிவிட்டால், ரப்பர் அந்தத் தொங்கும் கோணத்தையே தன் ஓய்வு நிலையாகப் பிடித்துக்கொள்ளும். காரைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்குண்டு, நாளெல்லாம் இழுபட்டு, சில மாதங்களிலேயே கிழியும். போல்ட்டுகளைக் கையளவில் மாட்டி, காரைத் தரையில் இறக்கி, அதன் எடை சக்கரங்களின் மேல் விழுந்த பிறகே உரிய திருப்புவிசையில் முறுக்குவதுதான் சரியான முறை. கீழ்க்கரங்களின் சில போல்ட்டுகள் மையம் விலகிய தட்டுகளைக் கொண்டவை. அவற்றைத் திருப்பித்தான் சக்கரத்தின் சாய்வும் திசைக்கோணமும் சரிசெய்யப்படுகின்றன. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் பிரிட்டன் போன்ற நாடுகளில் இவை துருவேறிப் புஷ்ஷின் குழாயோடு ஒன்றிவிடுவதால், அரை நாளில் முடியும் என்று தொடங்கிய வேலை, போல்ட்டை வாளால் அறுத்தெடுப்பதில் முடிவது அங்கே புதிதன்று. வேலை எப்படி முடிந்தாலும் வீல் அலைன்மென்ட் செய்யாமல் காரைச் சாலையில் எடுப்பது முறையாகாது.

சஸ்பென்ஷனுக்கு அலைன்மென்ட் போல, மாற்றிய பிரேக்குக்கு ஒரு பக்குவக் காலம் தேவைப்படுகிறது. புதிய டிஸ்க்கையும் பேடையும் மாட்டியவுடன், நடுத்தர வேகத்திலிருந்து காரை முழுதும் நிறுத்தாமல் பலமுறை வேகத்தைக் குறைத்து, இடையிடையே ஆறவிட்டு, பேடின் பொருள் டிஸ்க்கின் மேல் ஒரு மெல்லிய படலமாகச் சீராகப் படியச் செய்ய வேண்டும். சூடேறிய டிஸ்க்கின் மேல் பேடை அழுத்தியபடி காரை நிறுத்தி வைத்தால் அந்த இடத்தில் மட்டும் படலம் தடித்து, பின்னர் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் நடுங்கும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று பெரும்பாலோர் நினைப்பது உண்மையில் இந்தப் படலக் கோளாறுதான். உடைத்த காரிலிருந்து எடுத்த டிஸ்க்காக இருந்தால், அதில் பொறிக்கப்பட்டுள்ள குறைந்தபட்சத் தடிமனோடு இன்றைய தடிமனை அளந்து ஒப்பிடாமல் மாட்டவே கூடாது.

புதிய மாடலின் பாகம் என்றால் எல்லாமே பொருந்தும் என்பதும் இல்லை. 2005-இல் வந்த எம்எக்ஸ்-5 காரின் மூன்றாம் தலைமுறை, மாஸ்டாவின் ஆர்எக்ஸ்-8 காரோடு அடிப்படையைப் பகிர்ந்துகொண்டு புதிதாக வடிவமைக்கப்பட்டது. அதன் பின்பக்கத்தில் பல கரங்கள் கொண்ட வேறு சஸ்பென்ஷன் இருக்கிறது. முதல் இரண்டு தலைமுறைகளில் 100 மில்லிமீட்டர் வட்டத்தில் நான்காக இருந்த சக்கர போல்ட்டுகள், அதில் 114.3 மில்லிமீட்டர் வட்டத்தில் ஐந்தாகிவிட்டன. ஆகவே என்ஏ காருக்குக் கொடை தரக்கூடியது என்பி மட்டுமே. அதன் உற்பத்தி நின்று இருபது ஆண்டுகள் கடந்துவிட்டதால், உடைக்கப்படும் என்பி கார்களும் அருகி வருகின்றன. சட்டமும் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது: ஜெர்மனியில் இத்தகைய மாற்றங்களைச் சான்றளிக்கும் அமைப்பின் பொறியாளர் பார்த்து ஒப்புதல் தந்து ஆவணத்தில் பதிய வேண்டியிருக்கும், பிரிட்டனில் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாமல் மாற்றினால் இழப்பீடு மறுக்கப்படலாம்.

இதற்கிடையில் மாஸ்டா நிறுவனமே 2017-இல் ஜப்பானில் முதல் தலைமுறைக் கார்களைப் பழைய நிலைக்கே மீட்டுத்தரும் சேவையை அறிவித்து, அதற்காக நின்றுபோன சில பாகங்களை மீண்டும் செய்யத் தொடங்கியது. அவற்றுள் ஒன்று, பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனம் 185/60 ஆர்14 அளவில் மறுபடியும் தயாரித்த எஸ்எஃப்325 டயர். 270 மில்லிமீட்டர் டிஸ்க்குக்கு மாறிவிட்ட காரில் 14 அங்குலச் சக்கரம் ஏறாது என்பதால், அந்த டயர் அதற்குப் பயன்படாது. நல்லவேளையாக இந்த மாற்றங்களில் எதுவும் வெட்டியோ ஒட்டியோ செய்யப்படுவதில்லை. கழற்றிய பழைய பிராக்கெட்டுகளையும் மவுன்ட்டுகளையும் சக்கரங்களையும் எண்ணெய் தடவி எடுத்து வைத்திருப்பவர், ஒரு வார இறுதியில் காரை 1989-இல் இருந்தபடியே ஆக்கிவிடலாம். இத்தகைய கார்களை வாங்க வருபவர்களில் பலர் இப்போது முதலில் கேட்பது, பழைய பாகங்கள் பெட்டியில் இருக்கின்றனவா என்றுதான்.